மேடு என்று பேர் கொண்ட ஊர்

அன்புள்ள சிட்ஸ்கே,

நம் மகள் பௌக்யேவை அனுப்புகிறேன். கடிதம் அவள் கோட்டுப் பையில். நாங்கள் ஏறியிருக்கும் பரணின் ஏணியில் வெள்ளம் ஒன்பதாம் படியைத் தொட்டுவிட்டது.

கடலுக்குப் பயந்து முன்னோர் கூடை கூடையாக மண் கொட்டி எழுப்பிய மேட்டால்தான் ஊருக்கு ஹோலத்தெர்ப் என்று பேர். அந்த மண் நல்ல உரம் என்று, நீ தடுத்தும், வீட்டடி மேட்டை வெட்டி விற்றேன். நீ ஒதுங்கியிருக்கும் தேவாலயத்து மேடு மட்டும் மிச்சம்.

பக்கத்து வீட்டு டௌவ படகோடு வந்திருக்கிறான். "ஊர்ப் பேரையும் சேத்து வித்திருக்கலாமேடா, மடையா! புள்ளய மட்டும் குடு. நீயும் ஏறுனா கவுந்துரும்," என்கிறான்.

காலணி மாட்டும்போது மகள் கேட்டாள்: "அப்பா, மேடுன்னுதானே நம்ம ஊருக்குப் பேரு? தண்ணி எப்படிப்பா வந்துச்சு?"

அடுத்த படகில் வந்து சொல்கிறேன் என்றேன். இந்தக் காற்றில் அடுத்த படகு வராது. நீயே சொல்லிவிடு.

உன் கணவன்