பாப்பாவுக்கு வந்த காய்ச்சல்

1984 ஜூலை 9, திங்கள்

காலையிலிருந்து சாரல். கவுஞ்சி ஊர் முழுக்க மேகம், எதிர் வீடு தெரியவில்லை. பூண்டு காய வழியில்லை. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டேன்.

பாப்பாவுக்குக் காய்ச்சல் விடவில்லை. கசாயம், ஈரத்துணி, மாத்திரை. இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. செல்வி பாப்பா வயிற்றைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். இடது விலாவுக்குக் கீழே கெட்டியாக. மூத்தவனுக்கும் இப்படித்தான் தொடங்கியது.

அம்மா: "செய்வினைதேன். கெளாவரைக்குப் போயி மந்திரிச்சுட்டு வெரசா வா."

போகவில்லை. நாளை முதல் பஸ்ஸில் கொடைக்கானல்.

ஜூலை 10, செவ்வாய்

ஆஸ்பத்திரி. பெட்டில் சேர்த்தாயிற்று. டாக்டரம்மா சின்ன வயசு. முதல் கேள்வி, "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"அத்தை மகள்."

"இதுக்கு முன்னால பிள்ளை தவறியிருக்கா?"

செல்விதான் சொன்னாள். "மூத்தது பையன். இதே வயசு, இதே காய்ச்சல்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஜூலை 12, வியாழன்

ரத்தம் கொடுத்தேன். பாப்பா உதட்டில் கொஞ்சம் சிவப்பு. சாயங்காலத்துக்குள் அதுவும் போயிற்று.

வாங்க: பிளாஸ்க், சோப்பு, பழைய வேட்டி இரண்டு.

டாக்டரம்மா விளக்கினார். "வைரஸ் காய்ச்சல் வந்தா உடம்பு சண்டை போடும், கிருமி போனதும் நிறுத்திரும். இவளுக்கு நிறுத்த முடியலை. உடம்பு தன் ரத்தத்தையே தின்னுது."

பக்கத்துக் கட்டில்காரி பாப்பாவைப் பார்த்து, "நல்லா வெள்ளையா இருக்காளே, யாரு சாயல்?" செல்வி சிரித்தாள். எப்படிச் சிரித்தாளோ.

ஜூலை 14, சனி

வெள்ளனே பாப்பா போய்விட்டாள்.

டாக்டரம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். ஈரலில் ஊசி விட்டுத் துளி எடுத்து வெளியூருக்கு அனுப்பினால் என்ன நோய் என்று உறுதியாகத் தெரியுமாம். வேண்டாம் என்றேன். இனியும் ஊசியா?

செல்வி: "எடுங்கம்மா." என் பக்கம் திரும்பி, "பேரு தெரியாமயே ரெண்டு போயிருச்சு. என் தம்பிக்கும் உங்க தங்கச்சிக்கும் ஆவணியில கல்யாணம். அவுகளும் நம்மள மாதிரிதானே?"

எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். கண்டக்டர், "பிள்ளைய நல்லா மூடும்மா, குளிரு." மூடினாள்.

ஜூலை 18, புதன்

மழை. உருளைக்கிழங்கில் அழுகல். செல்விக்குப் பால் கட்டிக் காய்ச்சல். பால் வற்ற மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டியிருக்கிறாள். வீடெல்லாம் பூ வாசம்.

ஆகஸ்ட் 10, வெள்ளி

முடிவு வந்தது. டாக்டரம்மா நினைத்ததேதான். பரம்பரை.

"உங்க ரெண்டு பேர்கிட்டயும் பாதிப் பாதி இருக்கு. அது உங்கள ஒண்ணும் செய்யாது. ரெண்டு பாதியும் ஒரே பிள்ளைகிட்ட சேர்ந்தா இப்படி. ஒவ்வொரு தடவையும் சேரணும்னு இல்லை. சேராதுன்னும் சொல்ல முடியாது."

தங்கச்சி கல்யாணத்தைக் கேட்டேன். "அவங்ககிட்ட இருக்கான்னு பார்க்க இப்ப வழியில்லை. வேண்டாம்னுதான் சொல்வேன்."

திரும்பும்போது ஏரியில் படகுக் கூட்டம். செல்வி பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னேன். தங்கச்சி வசந்தா அழுதாள். மச்சான் பாண்டி தலையைக் குனிந்துகொண்டான். அம்மா எழுந்தே விட்டாள்.

"எங்க காலத்துல சொந்தத்துல கட்டலையா? பிள்ள பெக்கலையா? இவ வயித்துல தங்கலேன்னா அடுத்தவ வயித்துக்கும் சாபமா?"

"அத்தே, நான் சாபம் விடல. எனக்கு ஆனது அவளுக்கு ஆகக்கூடாதுன்னுதான்..."

"வாய மூடுடி."

செல்வி தம்பியிடம் போய்க் கெஞ்சினாள். "ஏலே, நீயாச்சும் சொல்லுடா." அவன், "அந்த டாக்டரம்மாவே உறுதியாச் சொல்லலையேக்கா."

வசந்தா என்னிடம் தனியாக: "பாண்டி மாமாவத்தான் கட்டுவேன். எனக்கு அப்படி ஆகாதுண்ணே."

நான் இன்னும் பேசியிருக்கலாம்.

ஆகஸ்ட் 31, வெள்ளி

வெயில். பல நாளுக்குப் பிறகு.

பந்தக்கால் நட ஊரே வந்தது. நாத்தனார் முடிச்சுப் போட செல்வி வேண்டாமாம், சித்தப்பா மகளைச் சொல்லியாயிற்று. அம்மாவே செல்வியிடம் போய், "கால் நடுற எடத்துல நீ நிக்காத" என்றாளாம். செல்வி உள்ளே. கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். "நீங்க போங்க" என்றாள்.

பெண்ணுக்கு அண்ணன்தான் குழி தோண்ட வேண்டும் என்று கடப்பாரையை என் கையில் கொடுத்தார்கள். வசந்தா புதுச் சேலையில் நின்று என்னையே பார்த்தாள்.

தோண்டினேன்.