உங்களை வெளிநாட்டுக்கு அனுப்பிய கடதாசி

அக்கா,

நேற்றுப் புதிதாக வாங்கிய ரைஸ் குக்கரின் பெட்டியைத் திறந்தேன். சுற்றிவர அடைத்திருந்த வெள்ளை ரெஜிபோம் கட்டிகளை இழுத்தபோது கிளம்பிய வாசத்தில் கை அப்படியே நின்றுவிட்டது. அடியில் உத்தரவாத அட்டை கிடந்தது. பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம். என் மனைவி பேனையைக் கொண்டுவந்து நீட்டினாள். "நிரப்பி அனுப்புங்கோவன். பிறகு பழுதானா ஆரிட்டைப் போறது?" நான் அட்டையை இரண்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டேன். நான் சோம்பேறி என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைக்கட்டும். இருபது வருடத்துக்கு மேலாக நான் எந்தக் கொம்பனிக்கும் ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்ததில்லை. அதன் காரணத்தை நான் உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

அந்த வீடியோ கேம் பெட்டியைப் பெரியண்ணா கனடாவிலிருந்து கொடுத்தனுப்பியது எனக்காக. வந்த ஒரு கிழமைக்குள் அது உங்களுடையதாகிவிட்டது. பேராதனை ஆஸ்பத்திரியில் டியூட்டி முடித்து வந்து, தாதிச் சீருடையைக்கூட மாற்றாமல், ரீவிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவீர்கள். இருந்தது ஒரே ஒரு விளையாட்டு, கார்ப் பந்தயம். மற்றக் கார்களெல்லாம் பறந்துபோக, நீங்கள் மட்டும் கடற்கரை வீதியில் ஆறுதலாக ஓட்டிப் போய், பாலத்தில் நிறுத்தித் தண்ணீரைப் பார்ப்பீர்கள். எப்போதும் கடைசி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஓட்டத் தெரியாட்டி என்னட்டைத் தாங்கோவன்."

"பேசாம இரு. ஒரு செக்பொயின்ற்றும் இல்லாத றோட்டு எனக்கு வேற எங்கை கிடைக்கும்?"

அதைப் பழுதாக்கியவன் நான்தான். கனடா மின்சாரத்துக்குச் செய்த சாமான் அது. நடுவில் ட்ரான்ஸ்போமர் வைத்துத்தான் போட வேண்டும். ஒருநாள் அவசரத்தில் நேரே சுவரில் செருகினேன். டப் என்று ஒரு சத்தம், பிறகு கருகல் மணம். நீங்கள் ஏசவில்லை. அதைத் திருப்பிப் பார்த்து, முகர்ந்து, "கொம்பனிக்குக் காட்டுவம்" என்றீர்கள். ஆஸ்பத்திரிப் பிளாஸ்டரில் ஒரு துண்டு வெட்டி, உங்கள் பெயரையும் வீட்டு விலாசத்தையும் எழுதி அதன் அடியில் ஒட்டினீர்கள். வார்ட்டில் எல்லாச் சாமானுக்கும் பெயர் ஒட்டிப் பழகிய கை.

பிறகு தொடங்கியது அலைச்சல். கனடாவில் வாங்கியதைக் கனடாவுக்கே அனுப்புங்கள் என்றது கொழும்புக் கிளை. இலங்கையில் பாவிக்கும் சாமானை இலங்கையிலேயே காட்டுங்கள் என்றது கனடா. அசல் பற்றுச்சீட்டு வேண்டும் என்றார்கள். பெரியண்ணா அதை எங்கள் டவுனில் இருந்த கொமியுனிகேஷன் கடைக்கு ஃபக்ஸில் அனுப்பினார். எழுத்து மங்கலாம், மறுபடி அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினால், அதில் இருப்பது அண்ணாவின் பெயராம், உரிமை மாற்றிக் கடிதம் வேண்டுமாம். ஒவ்வொரு கடிதமும் "மதிப்புக்குரிய வாடிக்கையாளரே" என்று தொடங்கி, உங்கள் பொறுமைக்கு நன்றி கூறி முடியும். போன் எடுத்தால் பியானோ வாசிக்கும். "எங்கட வார்ட்டில இப்பிடி ஆள் மாத்தி ஆள் விட்டா, அஞ்சாவது ஆள் வரேக்கை நோயாளி போய்ச் சேர்ந்திடும்" என்று ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு சொல்லிச் சிரிப்பீர்கள். நான் அப்போதே சொன்னேன், விட்டுத் தொலையுங்கோ அக்கா என்று.

நாலு மாதம் கழித்து இறங்கி வந்தார்கள். சாமான் உங்கள் பெயரில் பதிவாகியது. ஒரே ஒரு நிபந்தனை. தபாலில் வாங்க மாட்டார்கள், பதிவுக்காரர் அடையாள அட்டையோடு கொழும்புக்கு நேரில் கொண்டுவர வேண்டும். அந்த மாதம் கொழும்பில் குண்டு வெடித்து, தமிழ்ப் பெடியன்களைப் பொலிஸும் ஆமியும் பிடித்து லொறியில் ஏற்றிக்கொண்டிருந்த நேரம். நாங்கள் கண்டியில் வளர்ந்தவர்கள். ஆனால் அம்மா ஒவ்வொரு பிள்ளைப்பேற்றுக்கும் தாய்வீட்டுக்குப் போய்விடுவார். பிறந்து இரண்டு மாதம் யாழ்ப்பாணத்தில் கிடந்ததற்காக எங்கள் மூன்று பேரின் அட்டையிலும் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அந்தச் சொல்லைக் கண்டால் செக்பொயின்ற்றில் மறித்துவைப்பார்கள். உங்கள் பெயரில் இருந்தாலும் நான் கொண்டுபோய்க் கெஞ்சிப் பார்க்கிறேன் என்று சொன்னேன். உரத்துச் சொல்லவில்லை.

"நீ போனா, உன்னை எடுக்க நான் ஒருக்கா அலையவேணும். நானே போறன். ஒரு நேர்ஸைப் பிடிச்சு என்ன செய்யப் போகினம்?"

எனக்கு நிம்மதியாக இருந்தது, அக்கா. அதை இன்றைக்கும் மறைக்க முடியவில்லை.

மத்தியானம் கொழும்பிலிருந்து போன் எடுத்தீர்கள். "குடுத்திட்டன். மூண்டு கிழமையாம். பின்னேர ரயிலிலை வாறன். அம்மாவைச் சாப்பிடச் சொல்லு." அவ்வளவுதான். அந்த ரயிலில் நீங்கள் வரவில்லை. அடுத்ததிலும் வரவில்லை. நானும் அம்மாவும் பொலிஸ் நிலையம் பொலிஸ் நிலையமாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக, கடைசியில் சிறைச்சாலை வாசல்களிலும் நின்று கேட்டோம். எல்லா இடத்திலும் பதிவுப் புத்தகத்தைத் திறந்தார்கள், விரலால் தடவினார்கள், இல்லை என்றார்கள். நான் எத்தனை தரம் கொழும்புக்குப் போய்வந்தேன் தெரியுமா? என்னை ஒருவரும் மறிக்கவில்லை.

மூன்றாம் கிழமை முடிவில் வீட்டுப் போன் அடித்தது. அம்மா ஓடிப்போய் எடுத்தார். கொம்பனிப் பெண். திருத்திய சாமான் தயார், பதிவுக்காரர் வந்து எடுக்கலாம், மூன்று மாதத்துக்குள் எடுக்காவிட்டால் அழித்துவிடுவோம். அன்றிலிருந்து அம்மாவுக்கு அதுவே கதை. "அவள் வந்து கேப்பாள். அப்ப சாமான் வீட்டிலை இருக்கவேணும். போய் எடுத்துக்கொண்டு வா."

போனேன். கவுண்டரில் இருந்தவர் தமிழ் பேசும் முஸ்லிம், வயதான மனிதர், மாத்தளைப் பக்கம் என்று சொன்னார். நடந்ததைச் சொன்னேன். அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, ஆள் மௌத்துன்னா மரண அத்தாட்சி வேணும்கிறாங்க."

"அக்கா சாகேல்லை."

"இன்ஷா அல்லாஹ், வந்துருவாங்க. ஆனா காணாமப் போன ஆளுக்கு இவங்ககிட்ட ஃபாரமே இல்ல. ஆள் வெளிநாட்டுலன்னா, கூடப் பொறந்தவங்க சத்தியக் கடதாசி குடுத்து எடுக்கலாம். அத எழுதிக்கிட்டு வாங்க. சாமானக் குடுக்கத்தானே, யார் பாக்கப் போறாங்க?"

நல்லது செய்யத்தான் சொன்னார். அவரில் பிழையில்லை. நான் கண்டிக்கு வந்து, ஒரு வக்கீலின் கிளாக்கரைக் கொண்டு தட்டச்சு செய்வித்தேன். "மேற்படி எனது சகோதரி வெளிநாடு சென்று அங்கு நிரந்தரமாக வசித்து வருகிறார் என இத்தால் சத்தியம் செய்கிறேன்." அதை அத்தாட்சிப்படுத்த வேண்டிய சமாதான நீதவான் நம் குடும்பத்தைத் தெரிந்தவர், இளைப்பாறிய அதிபர். முத்திரையை ஊதி வைத்துக்கொண்டிருந்தவர் உங்கள் பெயரைக் கண்டதும் நிமிர்ந்தார். "கனடாவுக்கோ?" என்றார். "ஓம், சேர்." "அப்பாடா. ஊரிலை என்னென்னவோ கதைச்சினம். எங்கையாவது உயிரோடை இருந்தாச் சரி." அவர் முகத்தில் சந்தோஷம் வந்தது. அவர் காட்டிய இடத்தில் கையொப்பமிட்டேன்.

கடதாசியைக் கொடுத்து எடுத்த பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, அம்மா குசினியில் நின்ற நேரம் பார்த்துத் திருப்பிப் பார்த்தேன். பிளாஸ்டர் இல்லை. சீரியல் இலக்கமும் வேறு. உள்ளே ஒரு கடிதம் இருந்தது, திருத்த முடியாதவற்றுக்குப் பதிலாக வேறொன்று தருவது தங்கள் நடைமுறையாம், பொறுமைக்கு நன்றியாம். நீங்கள் தொட்ட சாமானை எங்கேயோ உடைத்துப் போட்டுவிட்டார்கள். நான் உங்கள் அலுமாரியைத் திறந்து பிளாஸ்டர் சுருளை எடுத்தேன். நீங்கள் எழுதி வைத்திருந்த பழைய மருந்துத் துண்டொன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உங்கள் எழுத்தைப் பார்த்துப் பார்த்து உங்கள் பெயரை எழுதி ஒட்டினேன். அம்மா வந்து அதை விரலால் தடவிப் பார்த்தார். "அவளின்ரை கையெழுத்து" என்றார்.

ஒன்றரை வருடம் கழித்து, பொலிஸில் நாங்கள் கொடுத்திருந்த முறைப்பாட்டை விசாரிக்கக் கூப்பிட்டார்கள். அம்மா உங்கள் படத்தைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு வந்தார். அதிகாரி சிங்களத்தில், மரியாதையாகத்தான் பேசினார். நீங்கள் கடைசியாகப் போன இடம் என்று நாங்களே சொன்ன அந்தக் கொம்பனிக்கு ஆள் அனுப்பி விசாரித்திருக்கிறார்கள். அங்கிருந்த கோப்பில் கிடைத்ததாம் என்று ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். என் கையொப்பம். "அக்கா ரட்ட கியா, வெளிநாடு போய்விட்டார் என்று நீங்களே சத்தியம் செய்திருக்கிறீர்கள். பிறகு ஏன் எங்களைத் தேடச் சொல்கிறீர்கள்? இது பொய்யென்றால் பொய்ச் சத்தியத்துக்கு நீங்கள் உள்ளே போக வேண்டிவரும். சொல்லுங்கள், எது உண்மை?" என்று கேட்டார்.

ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டியிருந்தது. பொய் என்று. என்னை அடைத்திருந்தால் அடைத்திருக்கட்டும், உங்கள் கோப்பு திறந்தே இருந்திருக்கும். எனக்கு லொறி நினைவு வந்தது. அம்மா தனித்துப் போவார் என்று அந்த நேரம் எனக்கு நானே காரணமும் சொல்லிக்கொண்டேன். "கடதாசியில் உள்ளது உண்மை" என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் கோப்பை மூடி நாடாவைக் கட்டினார்.

பஸ்ஸில் அம்மா என் கையைப் பிடித்தார். முப்பது வருடம் கண்டிச் சந்தையில் மரக்கறி வாங்கியவர். "ரட்ட கியா எண்டுதானே சொன்னவன்? எனக்கு அவ்வளவு சிங்களம் விளங்கும். பொலிஸே சொல்லுறான், என்ரை பிள்ளை வெளியிலையாம்." கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். அது என் பொய்தான் அம்மா என்று சொல்லியிருக்கலாம். "ஓம், அம்மா" என்றேன். பிள்ளையார் கோயிலடியில் இறங்கி ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

பிறகு ஒன்பது வருடம் அம்மா அதில் வாழ்ந்தார். நீங்கள் போன் எடுக்காததற்குக் காரணங்களை அவரே கண்டுபிடித்தார். விசா இல்லாமல், பெரியண்ணாவுக்குக்கூடத் தெரியாமல் ஒளிந்திருக்கிறீர்களாம். யாரையோ சொல்லாமல் கலியாணம் செய்துவிட்டு, ஏச்சுக்குப் பயந்து இருக்கிறீர்களாம். கடைசிக் கிழமை என்னைக் கிட்டக் கூப்பிட்டார். "அவள் எடுத்தா, அம்மா கோவிக்கேல்லை எண்டு சொல்லு." சொல்கிறேன் என்றேன். அதைத்தான் இப்போது சொல்கிறேன். கோவிக்கேல்லையாம்.

யுத்தம் முடிந்தபின் காணாமல் போனவர்களின் பெயர் எடுத்தார்கள். உங்கள் படத்தோடு வரிசையில் பாதித்தூரம் வரை போய், திரும்பி வந்துவிட்டேன். எந்தப் பட்டியலிலும் நீங்கள் இல்லை, அக்கா. இருக்க விடாமல் செய்தது லொறிக்காரன் அல்ல, நான். வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வரும் சனம் வானில் வந்து இறங்கினால், உங்கள் வயதுப் பெண்களின் முகத்தை நின்று பார்க்கிறேன். போனில் தெரியாத வெளிநாட்டு இலக்கம் வந்தால் எடுத்துவிட்டு, அந்தப் பக்கம் யாராவது பேசும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறேன். நான் சத்தியம் செய்து எழுதியது பொய் என்று இப்போது என் ஒருவனுக்குத்தான் தெரியும். சில நாட்களில் எனக்கும் தெரிவதில்லை.