தறி நிற்கும் நேரத்து எஞ்சின்

மாப்பிள்ளை,

இன்று காலை கரண்டு போய்விட்டது. பராமரிப்பு என்று மாதம் ஒருநாள் நிறுத்துவார்களே, அதுதான். தெருவில் ஒரு தறி ஓடவில்லை. வண்டியை உதைக்கக் காலைத் தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். ரயில்வே கேட் பக்கம் யாரோ ஒருவன் டாப் கியரில் போகிறான். அவன் வண்டியில் செயின் தொளதொளவென்று கிடப்பது இங்கே எனக்குக் கேட்கிறது. உன்னிடம் சொல்லலாம் என்று பட்டறைப் பக்கம் திரும்பிவிட்டேன். பிறகுதான் ஞாபகம் வந்தது.

உன் பெயரை இந்த மடலில் எழுதப்போவதில்லை. ஒரு தடவை மைக்கில் சொல்லி நாம் பட்ட பாடு போதும். அதற்கு வருகிறேன்.

சங்கரன்கோவிலில் கரண்டு போனால் ஊரே திட்டும். சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நீதான். உன் பட்டறைக்கு இந்தப் பக்கமும் தறி, அந்தப் பக்கமும் தறி. சிலிண்டர் துளையை அரத்தால் ராவுவது, தகரத்தைக் கூம்பு கூம்பாக வெட்டிப் பற்றவைத்து சைலன்சர் செய்வது என்று கைவேலை எல்லாவற்றையும் அந்தச் சத்தத்திலேயே முடித்துவிடுவாய். காதுவேலைக்கு மட்டும் கரண்டு போக வேண்டும். போன நொடியில், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எச்சில் கையோடு ஓடி வருவாய். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, டாப் கியர் போட்டு, பிரேக்கை லேசாக மிதித்துப் பாரம் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். பெட்ரோல் கூடினால் எஞ்சின் சளி பிடித்தவன் மாதிரிப் பேசும். காற்று கூடினால் வறட்டு இருமல். கார்புரேட்டருக்குள் ஊசித்துளை போட்ட பித்தளைத் திருகு ஒன்று இருக்கிறதே, ஜெட், அதை மாற்றி மாற்றிப் போட்டு அந்தக் குரலைச் சரிசெய்வாய். வெளிநாட்டில் இதற்குக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்களாம். நம் தெருவில் கொண்டுவந்து வைத்தால் தறிச்சத்தத்தில் அது அழுதுவிடும்.

அந்த நேரம் பார்த்துத்தான் எனக்கும் பேச்சு வரும். எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்தால் என்னைத் தாங்க முடியாமல் போனதும் இந்த வாயால்தானே.

"ஏலே, வாய மூடு. கரண்டு வாரதுக்குள்ள கேக்கணும்" என்பாய். "ஒன் வாய்க்கும் சின்ன ஜெட்டா ஒண்ணு மாட்டணும்லே. கண்டமானிக்கு ஊத்துது."

நான் எதைச் சொன்னாலும் அதைப் பாதியாக்குவதும் உன் வேலையாக இருந்தது. இருபது பேர் என்றால் பத்து என்பாய். நூற்றைம்பது கிலோமீட்டர் வேகம் என்றால் முகத்தைக்கூடத் திருப்பாமல், "எழுவத்தஞ்சு" என்பாய். அது மட்டும் அநியாயம். உன் வண்டியின் வேகத்தை நீயே குறைத்தால் எப்படி?

கோயம்புத்தூர் பைக் பந்தயத்துக்கு நாம் கிளம்பிய அன்று உன் வீட்டுக்காரி வாசலில் நின்றது கண்ணிலேயே இருக்கிறது. "தோத்துட்டு வந்தா மறுநாளே திருப்பூருக்கு வண்டி ஏறிரணும். எங்கண்ணன் கம்பெனில வேல சொல்லி வச்சிருக்கான். பட்டறையப் பூட்டிர வேண்டியதுதான். அண்ணே, நீங்களும் கேட்டுக்கிடுங்க" என்றாள். நீ சரி என்று தலையாட்டிவிட்டாய். வழி நெடுக உனக்கும் சேர்த்து நான் பேசினேன்.

கால் மைல் ஓட்டம். ஒருத்தன் தும்மி முடிப்பதற்குள் முடிந்துவிடும். ஓட்டுகிறவன் நான். அப்போது ஐம்பத்தைந்து கிலோதான் இருந்தேன். சொன்னால் இப்போது என் பேரன் சிரிக்கிறான். மைதானத்தில் இறங்கியதும் நீ முகத்தை மேலே தூக்கிக் காற்றை மோந்தாய். "குளிரா இருக்குலே" என்றாய். குளிர்ந்த காற்று கெட்டியான காற்று. நம் வெயிலுக்கு வைத்த ஜெட் அதற்குப் பத்தாது. பெட்ரோல் பத்தாமல் ஓடினால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். அந்த வேகத்தில் அது நடந்தால் வண்டிக்கு முன்னால் நான் போய்ச் சேர்வேன்.

ஜெட்டை மாற்ற வேண்டும். எந்த அளவுக்கு என்று தெரிய, கேட்க வேண்டும். எங்கே கேட்க? ஐம்பது வண்டி உறுமுகிறது, ஜெனரேட்டர் ஓடுகிறது, ஸ்பீக்கர் குழாயில் பாட்டு. வண்டியில் காதை வைத்துப் பார்த்துவிட்டு நீ தரையில் உட்கார்ந்துவிட்டாய்.

"ஒண்ணும் கேக்கலலே."

"கரண்டு போவாதா மாப்ள?"

"ஜெனரேட்டர் ஓடுது. எங்கன போவும்? வா, ஊருக்குப் போவம். ஒன்னக் கொன்னுட்டு நான் என்னத்த ஜெயிக்க?"

அதைக் கேட்ட பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நேராக மைக் வைத்திருந்த தம்பியிடம் போனேன்.

"தம்பி, எங்க ஊரு பெரிய மெக்கானிக் ஒருத்தர் தவறிட்டாரு. ஒரு நிமிசம் எல்லா வண்டியையும் நிறுத்தி மௌனமா நிக்கணும்."

"அடடா. யாருங்கண்ணா அவரு? பேர் சொல்லுங்க, அறிவிச்சிரலாம்."

ஆயிரம் பொய் சொன்ன வாய் இது. அந்த நொடியில் ஒரு பெயர் வரவில்லை. உன் பெயர்தான் வந்தது. மைக்கை என் கையிலேயே கொடுத்துவிட்டார். சும்மா சொல்லக் கூடாது, அன்று பேசிய மாதிரி நான் என்றைக்கும் பேசியதில்லை. எஞ்சினின் நாடி பார்த்த கை என்றேன். தறிச்சத்தத்துக்கு நடுவில் பிறந்த காது என்றேன். இப்படி ஒரு மனிதனை இனி எந்த ஊரும் பெறாது என்றேன். கடைசியில், "அன்னார் நினைவா ஒரே ஒரு எஞ்சின் மட்டும் ஓடும்" என்று முடித்தேன். பத்தாயிரம் பேர் தலை குனிந்து நின்றார்கள். சரி, சரி, ஐயாயிரம்.

ஜெனரேட்டரைக்கூட அணைத்துவிட்டார்கள் மாப்பிள்ளை. அந்த அமைதியில் நீ எழுந்து உனக்கு நீயே அஞ்சலி செலுத்தினாய். கண்ணை மூடி, பிரேக்கை மிதித்து, கேட்டாய். வறட்டு இருமல்தான். ஜெட்டைக் கழற்றி அடுத்த அளவைப் போட்டாய். மறுபடியும் கேட்டாய். உதடு லேசாக விரிந்தது. பக்கத்தில் நின்றவர் கண் கலங்கி, "உங்களுக்குச் சொந்தங்களா?" என்று உன்னைக் கேட்டார். நீ, "ரொம்ப நெருக்கம்" என்றாய்.

ஓட்டத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. பச்சை விளக்கு எரிந்தது, பிறகு கோடு வந்தது. நடுவில் இருந்தது உன் வேலை. அந்த எஞ்சின் ஒரே மூச்சில் ஒரு சொல்லைச் சொல்லி முடித்தது. பக்கத்து வண்டியின் சத்தம் எனக்குப் பின்னால்தான் வந்தது. வண்டியை உன் பெயரில்தான் பதிந்திருந்தோம். முதல் பரிசு என்று அந்தப் பெயரை வாசித்தபோதுதான் மைக் தம்பி திகைத்து என்னைப் பார்த்தார். "இவரு பேரனுங்க. தாத்தா பேர வைக்கது எங்க ஊர்ல வழக்கம்" என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டு போய்க் கோப்பையை வாங்கினாய். துக்கம் என்று நினைத்து ஜனம் கை தட்டியது. உன் தோள் குலுங்கியது எதனால் என்று எனக்குத் தெரியும்.

திரும்பி வந்து நடந்ததைச் சொன்னதும் உன் வீட்டுக்காரி, "ஏண்ணே, என் தாலிய மைக்குல வச்சா அறுத்துட்டு வந்திய?" என்று விளக்குமாற்றைத் தேடினாள். ஆனால் பட்டறைச் சாவியை அவளேதான் எடுத்து உன் கையில் கொடுத்தாள். அதற்குப் பிறகு திருப்பூர்ப் பேச்சே எழவில்லை.

போன தை மாதம் நிஜமாகவே நீ போனாய். நெஞ்சுவலி, பேசக்கூட நேரம் கொடுக்கவில்லை. உன்னைத் தூக்கும்போது பக்கத்துத் தறிக்காரர் சுவிட்சை அணைத்தார். அடுத்தவர் அணைத்தார். அப்படியே தெருக்கோடி வரை. கரண்டு இருக்கும்போதே நம் தெருவில் தறி நின்று அன்றுதான் பார்த்தேன். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். ஒரு சொல் வரவில்லை. உன் வீட்டுக்காரிதான் பக்கத்தில் வந்து சொன்னாள்: "அன்னைக்கே பேசிட்டியளேண்ணே. அதுல ஒரு கொறையும் இல்ல."

அதிலிருந்து கரண்டு போனால் நான் பேசுவதில்லை. வீட்டில் உள்ளவர்களுக்கே அதிசயம். கண்ணை மூடி, தெருவில் போகிற வண்டிகளைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எது இருமுகிறது, எதற்குச் சளி என்று கொஞ்சம் பிடிபடுகிறது. உன் அளவுக்கு இல்லை.

இதோ, கரண்டு வந்துவிட்டது. கோடி வீட்டில் முதல் தறி தொடங்கிவிட்டது. இனி நான் பேசலாம். டீக்கடைக்குப் புதிதாக வந்திருக்கும் மாஸ்டருக்குக் கோயம்புத்தூர்க் கதை தெரியாது. நீ இருந்திருந்தால் பத்தாயிரம் பேர் என்று தைரியமாக ஆரம்பிப்பேன். இப்போது பாதியாக்க ஆள் இல்லை. ஐயாயிரம் என்று நானேதான் சொல்ல வேண்டியிருக்கிறது.