அப்பாவாக நான் நடித்த அன்று

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் உடம்பளவில் நலம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மனசுதான் ஒரு நிலையில் இல்லை. மேலே அணை நிரம்பிவிட்டது, மழையும் விட்டபாடில்லை. சாயங்காலம் தண்ணீரைத் திறக்கிறார்கள், விடிவதற்குள் நம் தெருவுக்கு வந்துவிடும். தபாலுக்கு நேரமில்லை, எழுதியதைப் போனில் படம் பிடித்து அனுப்புகிறேன். அப்பா அசைய மறுக்கிறார். போன தடவை தண்ணீர் நம் வாசலில் இரண்டாவது படியோடு நின்றதாம், இப்போதும் நிற்குமாம். ஆறு இவரிடம் கேட்டுக்கொண்டுதான் வரும் போலிருக்கிறது.

போன வாரம் எங்கள் வெள்ள எச்சரிக்கை அலுவலகத்தில் ஒரு பயிற்சி. மக்களுக்கு எப்படி எடுத்துச் சொல்வது என்று ஆளுக்கொரு வேடம் போட்டு நடித்துப் பார்க்க வேண்டும். எனக்கு வந்தது வீட்டை விட்டுக் கிளம்பமாட்டேன் என்கிற ஆள். வேறு யாரைத் தேடிப் போவேன், உன் அப்பாவையே நடித்தேன். எனக்கு எடுத்துச் சொல்ல வந்த ஜூனியர் இன்ஜினியர் வரைபடம் காட்டினார், அணை எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று சொன்னார், கெஞ்சினார். அப்பா என்னிடம் சொல்வதையெல்லாம் அப்படியே எடுத்துவிட்டேன், மனுஷன் வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். படித்த படிப்பையெல்லாம் நானே மண்ணைக் கவ்வ வைத்துவிட்டேன், அதுவும் எவ்வளவு சுலபமாக! என்ன சொல்லியிருந்தால் எழுந்திருப்பீர்கள் என்று பயிற்சி நடத்திய அம்மாள் கேட்டார். அப்பாவாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கே புரிந்தது. தண்ணீர் வரும் என்று அப்பாவுக்குத் தெரியாமல் இல்லை. ஒன்றும் ஆகாது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார், இப்போது முதல் ஆளாக எப்படிப் பையைத் தூக்குவார்? அவர் பட்டறையில் ரிப்பேருக்கு வந்த அடுத்தவர் மோட்டார்கள் வேறு கிடக்கின்றன, அவற்றை விட்டுவிட்டு வர மனசு வராது. இன்று காலை இதமாகத்தான் பேசிப் பார்த்தேன், ஆபீஸ் பேச்சை ஆபீஸ்ல வச்சுக்கோ என்று ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

அதனால் நீ உடனே அப்பாவைப் போனில் கூப்பிடு. வெள்ளம் வருமா வராதா என்று வாதாடாதே, அழாதே. நான் சொல்லி உன் அத்தை மகன் வண்டியோடு தெருமுனையில் நிற்கிறான், யார் மோட்டாரை முதல்ல ஏத்தணும்ப்பா என்று மட்டும் கேள். சரக்கை ஏற்றிவிட்டால் மனுஷன் தானும் ஏறிவிடுவார்.

நீங்கள் இருவரும் குறையில்லாமல் வாழ வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. அவர் வண்டியில் ஏறியதும் எனக்கு ஒரு வார்த்தை அனுப்ப மறக்காதே. சாயங்காலம் எச்சரிக்கை அறிவிப்பில் கையெழுத்துப் போட வேண்டியவள் நான்தான், நம் தெருவும் அதில் இருக்கிறது. அவர் உள்ளே இருந்தாலும் நான் போட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆபீஸ் மேஜையிலிருந்து,
உன் அம்மா