பாலிஷ்காரனும் இரண்டு மாத்திரைகளும்

ஏப்ரல் 2

குடியை விட்டுப் பத்தாவது நாள். காலை ஆறரைக்கு மாத்திரை. என் மனைவி தண்ணீரில் கரைத்துக் கொடுப்பாள், நான் குடித்துவிட்டு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். நாற்பத்திரண்டு வயதில் இந்தப் பரீட்சை. பாப்பாவுக்கு நாளின் முதல் சிரிப்பே இதுதான்.

இதைப் போட்டுக்கொண்டு ஒரு வாய் சாராயம் குடித்தாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குடலே வெளியே வந்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். நல்லது. எனக்கு இப்படி ஒரு காவல்காரன்தான் லாயக்கு. ஆஸ்பத்திரியில் எட்டு நாள் படுத்து எழுந்ததில் கை நடுக்கம் போய்விட்டது. இந்த முறை விட்டுவிடுவேன். சபதம் எல்லாம் போடவில்லை. போட்டுப் போட்டு அதற்கே வெட்கமாகிவிட்டது.

கதவோரம் அவளுடைய நீலப் பெட்டி நிற்கிறது. நான் ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று கட்டியது. "இன்னொரு தடவைன்னா சண்டை கிண்டை எதுவும் கிடையாது. பாப்பாவைக் கூட்டிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்," என்றாள். பாப்பாவின் யூனிஃபார்மைக்கூட துவைத்து, தேய்த்து, அதற்குள்ளேயே வைக்கிறாள். காலையில் அதிலிருந்துதான் எடுக்கிறாள்.

ஏப்ரல் 5

மாலை ஐந்தரை. சாராயக் கடை வழியாகவே நடந்து வந்தேன். கால் திரும்பவில்லை.

ஏப்ரல் 9

ஒரு அலுவலகத்தில் பெரிய மேஜை. பதினாறு பேர் உட்காரலாம். ஒரு வாரமாக உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுதான், தோளே கழன்றுவிட்டது. நாளையிலிருந்து பாலிஷ். வேலைக்கு எடுத்த மேஸ்திரி என் கையைப் பார்த்துவிட்டு, "இப்போதான்யா கை கையா இருக்கு," என்றார். எனக்கும் தெரியும். ஆனாலும் இன்னொருவர் சொல்லிக் கேட்பது தனி ருசி.

ஏப்ரல் 10

எழுதவே கை வரவில்லை. நான் குடிக்கல. இதை முதல்ல எழுதிடறேன். நான் குடிக்கல.

காலையிலிருந்து மழை. ஈரக் காற்று பட்டால் பாலிஷ் வெளுத்துப் போகும், அதனால் ஜன்னல் கதவு எல்லாவற்றையும் சாத்திவிட்டு ஆரம்பித்தேன். அரக்கைக் கரைத்த ஸ்பிரிட், அதைத் தொட்டுப் பூசும் துணிப் பொட்டலம், மேஜை, நான். பதினொரு மணிக்கு முகம் கொதித்தது. நெஞ்சு அடித்த அடி காதில் கேட்டது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாந்தி.

முதலில் அவளுக்குத்தான் ஃபோன் போட்டேன். "எனக்கு என்னமோ பண்ணுது. நான் குடிக்கல."

அந்தப் பக்கம் ஃபோனை வைத்த சத்தம். அவள் என்ன நினைப்பாள்? நானாக இருந்தால் என்ன நினைப்பேன்?

மேஸ்திரி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தையல் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அவளும் வந்துவிட்டாள். என் சட்டையெல்லாம் ஸ்பிரிட் நாற்றம், முகமோ ரத்தச் சிவப்பு. என்னைப் பார்த்துவிட்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டரம்மா ஊதச் சொன்னார். ஊதினேன். கருவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரு மடக்குக் குடிச்சாக்கூட இதைவிட அதிகமா காட்டும். இன்னைக்கு என்ன வேலை செஞ்சீங்க?"

"மேஜைக்கு பாலிஷ்."

"அன்னைக்கு மர வேலைன்னு சொன்னீங்களே?"

சொன்னேன்தான். பாலிஷ் வேலை என்றால் ஷூவுக்கா என்று கேட்பார்கள். இருபது வருஷமாக அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு, புதிய ஆளிடம் மர வேலை என்று சொல்வதே பழக்கமாகிவிட்டது. அந்த வறட்டுக் கௌரவம் இன்று என்னைத் தரையில் உட்கார வைத்தது. இருமல் மருந்து கூடாது, ஷேவிங் லோஷன் கூடாது என்று அவர் கொடுத்த பட்டியலை நான் மனப்பாடமாகச் சொல்வேன். பக்கத்தில் திறந்து வைத்திருந்த ஸ்பிரிட் தகரம் மட்டும் என் புத்திக்கு எட்டவில்லை.

"பூட்டின அறையில அந்த ஆவியை இழுத்தாலே போதும், மாத்திரை வேலையைக் காட்டிடும்," என்றார் டாக்டரம்மா.

சாயங்காலம் வரை அங்கேயே படுக்க வைத்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில்தான் அவள் வாயைத் திறந்தாள். "அந்த மெஷின் சொன்னதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"குடிச்சிட்டு நீங்க ஒரு நாளும் எனக்கு ஃபோன் பண்ணினதில்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆட்டோ ஓட்டுபவர் கண்ணாடியில் பார்த்தார். பார்க்கட்டுமே.

ஏப்ரல் 11

பெட்டி இன்னும் கதவோரம்தான் இருக்கிறது. நம்பினாள், ஆனால் அவசரப்படவில்லை. நியாயம்தான்.

ஏப்ரல் 12

பழைய மாத்திரை நிறுத்தம். அதன் வீரியம் உடம்பில் இரண்டு வாரம் இருக்குமாம், அதுவரை ஸ்பிரிட் பக்கமே போகக் கூடாது. மறுபடி உப்புத்தாள். மேஜை காத்திருக்கும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். கல்லீரல் எப்படி இருக்கிறது என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள்.

ஏப்ரல் 16

கல்லீரல் என் மேல் கோபமாக இருக்கிறதாம், ஆனால் கைவிடவில்லை. இன்று முதல் வேறு மாத்திரை. இது ஆளை அடிக்காது. குடிக்கும் ஆசையைக் குறைக்கும், குடித்தாலும் பழைய சுகம் கிடைக்காது. முதலாவது தடியோடு நிற்கும் காவல்காரன் என்றால் இவன் தோளில் கை போட்டுப் பேசுகிறவன். கொஞ்சம் குமட்டல், சாப்பிட்டுவிட்டுப் போட்டால் சரியாகிறது. வாராவாரம் ஆலோசகரிடம் ஒரு மணி நேரம் பேசவும் வேண்டும். முதல் நாளே வேலை என்ன என்று கேட்டார். "மரத்துக்கு பாலிஷ் போடறவன்," என்று முழுசாகச் சொன்னேன்.

மே 3

மேஜை முடிந்தது. இந்தத் தடவை மேஸ்திரி நின்று எல்லா ஜன்னலையும் திறக்க வைத்தார், எனக்கு முகமூடியும் மாட்டிவிட்டார். ஒரு மூலை லேசாக வெளுத்தது, மறுபடி தேய்த்து எடுத்தேன். மேஜையில் என் முகம் தெரிந்தது. பரவாயில்லை, பார்க்கிற மாதிரிதான் இருக்கிறேன்.

மே 21

வாயைத் திறந்து காட்டினேன். "போதும், மூடுங்க," என்று அவள் தோசைக்கல்லைப் பார்க்கத் திரும்பினாள்.

ஜூன் 27

மழை. மாத்திரையை நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன். பாப்பா பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் கதவோரப் பெட்டியைத் திறந்து, துழாவி, "அம்மா, என் யூனிஃபார்ம் இதுல இல்லயே," என்று கத்தினாள்.

அடுப்படியிலிருந்து அவள் சொன்னாள்: "அலமாரியில பாரு. அப்பா சட்டைக்குக் கீழ இருக்கும்."