வியாகுல மாதாவின் மடி

குருநகர்
ஆவணி, 1986

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் ஜேர்மனிக்குப் போகும்போது சொன்னபடி, வியாகுல மாதா படத்துக்கு முன்னால் தினமும் மெழுகுதிரி ஏற்றிச் செபித்தேன். கடலுக்குப் போன எங்கள் மகன் அடைக்கலத்தின் வள்ளம் மட்டும் ஆளில்லாமல் கரையொதுங்கிய பிறகும் நிறுத்தவில்லை.

போன வெள்ளிக்கிழமை செபிக்கும்போது பார்த்தேன். மாதாவின் மடியில் கிடந்த இயேசுவுக்கு எங்கள் பிள்ளையின் முகம் இருந்தது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தும் மாறவில்லை. படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டேன்.

பக்கத்து வீட்டு லூர்த்தம்மா அக்கா கண்டு பதறிப்போனார்.

“மாதாவோடை கோவிக்கலாமோ பிள்ளை?”

“கோவமில்லை அக்கா. அவவின்ரை மடியிலை கிடக்கிறது செத்த பிள்ளையெல்லோ.”

அக்கா என் பக்கத்தில் முழங்காலிட்டார். படத்தின் முதுகைப் பார்த்தே இருவரும் செபமாலை சொல்லி முடித்தோம்.

அங்கே கோவிலில் மாதாவைக் கண்டால் கும்பிடுங்கோ. மடியை மட்டும் பார்க்காதேயுங்கோ.

இப்படிக்கு,
அவனுக்காகக் காத்திருக்கும்
உங்கள் மனைவி