கோழிக்கூட்டுக்குப் பின்னால் நின்ற செடி

ஐன் அல்லூஸ்,
புதன்கிழமை

அன்புள்ள அய்யாஷிக்கு,

இக்ராம் ஸலாத்துடன் எழுதிக்கொள்வது. நானும் ஹிபாவும் நலம். கடலுக்கு அக்கரையில், அல்மேரியாவின் தக்காளித் தோட்டத்துப் பிளாஸ்டிக் கூடாரச் சூட்டில் நீங்களும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். ஹிபாவுக்குக் கடைவாய்ப்பல் முளைக்கிறது; அழுது அழுது இப்போதுதான் தூங்கினாள். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். உங்கள் அறையில் ஹம்மாதி சித்தப்பாவின் மகன் இருக்கிறான். அவன் காதில் விழக்கூடாது.

கொல்லையில் நாம் வைத்த கஞ்சாச் செடிகள் மே மாதமே வெளுத்ததைச் சொல்லியிருந்தேன். தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினேன், வேர் அழுகிவிட்டது. பிழைத்ததிலும் இலைக்கு அடியில் பூச்சி. சோப்புத் தண்ணீர் அடித்துவிட்டு, பிள்ளைக்கு ஜுரம் வந்தால் பார்ப்பதுபோல எழுந்தெழுந்து போய்ப் பார்ப்பேன். கீழ்வீட்டு ஃபத்தூமா அக்கா எட்டிப் பார்த்து, “பட்டணத்துக்காரி கை பட்டா பச்சையும் பழுப்பாயிடும் போலிருக்கே” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒன்று மட்டும் என் தோளைத் தாண்டி வளர்ந்தது. அது ஆண் செடி. அதன் மகரந்தம் காற்றில் பறந்தால் அக்கம்பக்கத்துப் பெண் பூவெல்லாம் விதை பிடித்துவிடும் என்று தெரிந்துதான் விட்டுவைத்தேன். நான் வளர்த்ததில் உருப்பட்டது அது ஒன்றுதான். ஆண் செடியையெல்லாம் பிடுங்கிவிட்டாயா என்று நீங்கள் கேட்டபோது, பிடுங்கியாச்சு என்று பொய் சொன்னேன். நாளைக்குப் பிடுங்கலாம், நாளைக்குப் பிடுங்கலாம் என்றே இருந்தேன். அதற்குள் கீழைக்காற்று வந்துவிட்டது. கொடியில் காய்ந்த துணியெல்லாம் அதன் மஞ்சள் மகரந்தத் தூள்.

போன வாரம் கூட்டுறவுச் சங்கத்து ஆள் வந்து ஃபத்தூமா அக்கா வயலில் பூவைக் கசக்கிப் பார்த்தான். உள்ளே விதை. விதை பிடித்த பூவைச் சங்கம் மருந்துக்கு வாங்காது. ஆடுகளை விற்று இந்த வருடம்தான் அவள் மருந்துக் கஞ்சா பயிரிட அரசாங்க உரிமம் எடுத்திருந்தாள். வரப்பில் உட்கார்ந்து ஒரு பூவிலிருந்து விதைகளை உதிர்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு வந்தேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

பழி ஹம்மாதி சித்தப்பா மேல் விழுந்தது. மேட்டில், ஆண் செடியும் கலந்து முளைக்கிற பழைய நாட்டு வகை போடுகிறவர் அவர் ஒருவர்தானே; நம் கொல்லையில் எல்லாம் பட்டுப்போனதாகத்தான் ஊர் நினைக்கிறது. சண்டைக்குப் போவார் என்று நினைத்தேன். அவரோ அவள் வாசலில் நின்று, “எல்லாத்தையும் பிடுங்கினேன் தாயி. வயசான கண்ணு, ஒண்ணு தப்பியிருக்கும்” என்றார். “என் வயித்துல அடிக்க உன் கண்ணுதான் கிடைச்சுதா மாமா” என்றாள் அவள். ஹிபாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் அங்கேதான் நின்றேன். வீட்டுக்கு வந்து அந்தச் செடியை வெட்டி ரொட்டி அடுப்பில் எரித்தேன்.

யாருக்கும் தெரியாது. அவர் மட்டும் இன்னும் தன் வயலில் குனிந்து குனிந்து, செய்யாத தப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும், அவர் வயலுக்குப் போகும் வாய்க்காலை அடைத்துவிடுவதா என்று ஊர்க்காரர்கள் பேசப்போகிறார்கள். அதற்கு முன்னால் ஃபத்தூமா அக்காவிடம் சொல்லிவிடப் போகிறேன். சொன்னால் சங்கம் நம்மைச் சேர்க்காது. அடுத்த வருடம் உரிமம் கிடைக்கும், நீங்கள் ஊரோடு வந்துவிடலாம் என்று பேசியதெல்லாம் என்னால் போயிற்று.

போன் செய்யாததற்கு அந்தப் பையன் மட்டும் காரணமில்லை. உங்களைக் கேட்டால் கொஞ்சம் பொறு என்பீர்கள். நானும் நிம்மதியாகப் பொறுத்துவிடுவேன். அந்தப் பயத்தில்தான் கடிதம். இது வந்து சேரும்போது வெள்ளிக்கிழமை கடந்திருக்கும்.

திட்டவேண்டியதையெல்லாம் எழுதித் திட்டுங்கள். ஹிபாவிடம் மட்டும் எப்போதும்போலச் சிரித்துப் பேசுங்கள். பாபா எப்போ வருவீங்க என்று கேட்பாள். அதற்கு நான் பதில் சொல்லித்தரவில்லை. நீங்களே ஏதாவது சொல்லுங்கள்.

அல்லாஹ் உங்களை வெயிலிலிருந்தும், என் மேலுள்ள கோபத்திலிருந்தும் காப்பானாக.

உங்கள்
இக்ராம்